இரண்டு சைக்கிளுக்கு ஒரே சங்கிலி

என் முதல் சைக்கிள் கோர்ட்டு வளாகத்திலேயே களவு போயிற்று. நான் அப்போது சேலத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். காலையில் வேப்ப மரத்தடியில் நிறுத்திப் பூட்டிவிட்டுக் கேஸ் கட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனவன், மத்தியானம் வெளியே வந்தால் மரம் மட்டும் நிற்கிறது. பின் சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே ஓர் இரும்பு நாக்கு போய் விழுமே, அந்த மாதிரிப் பூட்டு அது. சாவி என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. எதிரே டீ விற்றவர், யாரோ ஒருவன் சைக்கிளைத் தோளில் தூக்கிப் போய் வைக்கோல் வண்டியில் போட்டதைப் பார்த்திருக்கிறார். "பஞ்சர் ஆன வண்டி போலன்னு நெனச்சேனுங்க" என்றார்.

உலகச் சண்டைக் காலம் அது. புது சைக்கிள் கண்ணில் படவில்லை. டயருக்கே பெரிய மனிதர்களின் சிபாரிசு வேண்டியிருந்தது. எட்டு மாதம் சூரமங்கலத்து வீட்டிலிருந்து கோர்ட்டுக்கு நடந்தே போய் நடந்தே திரும்பினேன். வெயில் நாட்களில் செருப்பு வார் அறுந்து, கையில் எடுத்துக்கொண்டு நடந்தது உண்டு. அந்த நடை என்னைக் கொஞ்சம் மாற்றிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். யாருடைய சைக்கிளைப் பார்த்தாலும் முதலில் பூட்டைப் பார்ப்பேன். இதை எப்படித் தூக்குவான், இதை எதனால் அறுப்பான் என்று மனம் கணக்குப் போடும். களவாடுகிறவனைவிட நான் அதிகமாக அதை நினைத்தேனோ என்னவோ.

கடைசியில், வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் போன ஒரு ரயில்வே கார்டு தம் சைக்கிளை எனக்கு விற்றார். நல்ல வண்டி. அன்று சாயந்தரமே செவ்வாய்ப்பேட்டையில் இருந்த ஒரு பூட்டுக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு சாயபு. வயதானவர், மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். என் பழைய சைக்கிள் போன கதையைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு பூட்டாக எடுத்துப் போட்டார். கையளவுத் தகரப் பூட்டு ஒன்றை நான் எடுத்தபோது, பக்கவாட்டில் மரச் சுத்தியால் ஒரே தட்டுத் தட்டினார். அது வாயைப் பிளந்துகொண்டது.

"இது பொட்டிக்குத் தம்பி. சைக்கிளுக்கு ஆகாது" என்றார். பிறகு கனமான திண்டுக்கல் பூட்டு ஒன்றை எடுத்து அதையும் அதே மாதிரி தட்டிக் காட்டினார். அது அசையவில்லை. வேறு நாலைந்து சாவிகளை நுழைத்துத் திருப்பிக் காட்டினார். எதற்கும் திறக்கவில்லை.

"பூட்டு இருக்கட்டும். எதோட சேத்துப் பூட்டுவீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"சக்கரத்தை மட்டும் பூட்டுனா தோள்ல தூக்கிட்டுப் போயிடுவான். அதான உங்களுக்கு நடந்துச்சு? சங்கிலி வாங்குங்க. சைக்கிள் வயித்துக்குள்ள உட்டு, நகராத ஒண்ணைச் சுத்திப் பூட்டுங்க. கம்பம், மரம், சன்னல் கம்பி. சங்கிலி தரையில கிடக்காம இழுத்துப் பூட்டுங்க. கல்லு மேல வெச்சுத்தான் உடைப்பான்."

மாடு கட்டுகிற சங்கிலியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வண்டியின் வர்ணத்தைச் சுரண்டாமல் இருக்கப் பழைய குடைத் துணியில் நீளமாக ஓர் உறை தைத்துப் போட்டாள் என் மனைவி. கோர்ட்டில் எல்லோரும் யானைச் சங்கிலி என்று கேலி செய்தார்கள். நான் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பூட்டைப் பற்றி யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அந்தச் சாயபு சொன்னதையெல்லாம் என் சொந்த அறிவு போலச் சொல்வேன். என் பேச்சைக் கேட்டு இரண்டு குமாஸ்தாக்கள் அதே மாதிரி சங்கிலி வாங்கினார்கள்.

இப்படி ஓர் ஆறு மாதம் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வரும்படி என்னை ஒரு மண்டி முதலாளியிடம் அனுப்பினார் வக்கீல். செவ்வாய்ப்பேட்டையில் அன்று சந்தை. நான் வழக்கமாகச் சைக்கிளைக் கட்டும் விளக்குக் கம்பத்தில் யாரோ ஒரு ஜோடி மாட்டைக் கட்டியிருந்தார்கள். அடுத்த கம்பத்தைச் சுற்றி மூட்டைகள். கடைசியில் அந்த முதலாளியின் தானிய மண்டிக்கே போய், பக்கச் சுவரோரம் நின்றேன். அங்கே கம்பியும் இல்லை, மரமும் இல்லை. ஒரு பழைய சைக்கிள் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றது. சீட்டின் தோல் போய், அதன்மேல் சாக்குத் துண்டு வைத்து நீல நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். பின்னால் கேரியரில் ஒரு கயிறு சுற்றிக் கிடந்தது. பூட்டு என்று ஒன்றும் இல்லை.

இரண்டு சைக்கிளைச் சேர்த்துத் தோளில் தூக்க எவனாலும் முடியாது என்று தோன்றியது. சங்கிலியை என் வண்டியின் நடுவே விட்டு, அந்தப் பழைய வண்டியின் நடுவேயும் விட்டு, இழுத்துப் பூட்டினேன். சொந்தக்காரர் வந்தால் என்ன செய்வார் என்ற கேள்வி வராமல் இல்லை. பத்து நிமிஷம்தானே என்று அதை ஓரம் தள்ளினேன். பூட்டே இல்லாத வண்டி, அவருக்கும் இது பாதுகாப்புத்தானே என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மண்டி முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்துச் சற்றுப் படுத்துவிட்டார். கணக்கர் என்னை உட்காரச் சொன்னார். முதலாளி எழுந்து வந்து பத்திரத்தை முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னார். கையெழுத்து வாங்கி வெளியே வந்தால், தெருமுனையில் சீமெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். வீட்டில் மூன்று நாளாக விளக்குக்கு எண்ணெய் இல்லை. பக்கத்துக் கடையில் ஒரு பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு நானும் நின்றுவிட்டேன். அந்தப் பழைய சைக்கிளின் நினைவு ஒருமுறை வந்தது. வரிசையை விட்டால் போய்விடும். விடவில்லை.

மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது மண்டிச் சுவரோரம் கூட்டம். "பூட்டை ஒடைக்கிறான், புடி, புடி" என்று ஒரு குரல். பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். முப்பது வயது இருக்கும் ஓர் ஆள், மெலிந்த உடம்பு, வியர்வையில் பனியன் ஒட்டிக் கிடந்தது. வலது கையில் ஒரு கருங்கல். என் பூட்டின்மேல் வெள்ளை வெள்ளையாக அடிபட்ட தழும்புகள். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் அவருடைய தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"என் சைக்கிள்டா அது!" என்று கத்திக்கொண்டே போய் அவரை ஓங்கி ஒன்று அறைந்தேன்.

அறைந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது என்று பல வருஷங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. கையை ஓங்கியபோதே அவருடைய இடது கையைப் பார்த்துவிட்டேன். அது அந்தப் பழைய சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்திருந்தது. திருட வந்தவன் நல்ல வண்டியை விட்டுவிட்டு அதையா பிடித்துக்கொண்டிருப்பான்? பார்த்தேன், புரிந்தது, இருந்தும் கை இறங்கிவிட்டது. அவ்வளவு பேர் நடுவே ஓங்கிய கையை அடிக்காமல் மடக்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் கன்னத்தைக்கூடத் தொடவில்லை. "சாமி, இது என்ற சைக்கிளுங்க. ஆரோ சேத்துப் பூட்டிப் போட்டாங்க. வெகு நேரமா நிக்கறனுங்க. நூல் டிப்போவ மூடிருவாங்க சாமி, உடுங்க" என்றார்.

அப்போது நான் சாவியை எடுத்துத் திறந்து, "மன்னிச்சுக்குங்க, நான்தான் பூட்டினேன்" என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அதற்குள் மண்டிக் கணக்கர் வெளியே வந்து, "அட, வக்கீல் குமாஸ்தாங்களா! உங்க வண்டியா?" என்றார். கூட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. நான் அல்பாக்கா துணிக் கோட்டுப் போட்டவன், வக்கீலிடம் வேலை பார்ப்பவன். "ஒரே பூட்டுன்னா ரெண்டும் ஒருத்தர் வண்டிதானே, இவனுது எப்படி ஆகும்?" என்று யாரோ சொன்னார்கள். இன்னும் இரண்டு அடி அவர்மேல் விழுந்தது. அவை என் அடிகள் இல்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

கடைவீதிப் பக்கம் இருந்த போலீஸ் சாவடிக்கு எல்லோரும் போனோம். சைக்கிள்களைக் கொண்டுவர நான்தான் பூட்டைத் திறந்தேன். சங்கிலியை உருவியபோது அது அவருடைய வண்டிக்குள்ளிருந்து முதலில் வந்தது. "பாருங்க, என்ற வண்டிக்குள்ள இருந்துதான உருவறாரு" என்றார் அவர். யாரும் பார்க்கவில்லை.

ஹெட் கான்ஸ்டபிள் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அடிபட்டவரை நிற்க வைத்தார்.

"அந்தப் பழைய வண்டி உங்களுதுங்களா?"

"இல்லைங்க."

"இவனுதா?"

"தெரியாதுங்க" என்றேன்.

"யாரோ ஒருத்தர் வண்டியோட பத்திரத்துக்குச் சேத்துப் பூட்டியிருக்கீங்க. இவன் மாட்டுன ஒடனே அது தன்னுதுன்னு சொல்லித் தப்பிக்கப் பாக்குறான். ரசீது இருக்குதாடா?"

"என்ற மச்சான் வண்டிங்க. ராசிபுரத்துல இருக்கறாருங்க. சீட்டுக்கு என்ற ஊட்டுக்காரிதான் சாக்குத் தெச்சா. நீல நூலுங்க. பாத்தா தெரியும் சாமி."

சைக்கிள்கள் வெளியே நின்றன. கான்ஸ்டபிள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. எனக்குப் பார்க்கத் தேவையே இல்லை. சங்கிலியை மாட்டும்போதே அந்த நீலத் தையலைப் பார்த்திருந்தேன். நின்றுகொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்தேன்.

"புகாரை நீங்களே எழுதிடுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்று காகிதத்தைத் தள்ளினார் கான்ஸ்டபிள்.

எழுதினேன். இன்று பிற்பகல் மண்டிச் சுவரோரம் பூட்டி நிறுத்தியிருந்த என் சைக்கிளின் பூட்டை மேற்படி நபர் கருங்கல்லால் அடித்து உடைக்க முயன்றதை நேரில் கண்டேன். அங்கிருந்தவர்களும் கண்டார்கள். ஆவன செய்யக் கோருகிறேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது. கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்தாலும் நிற்கும். அப்படி எழுதத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சீமெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "மணி அஞ்சாயிருச்சுங்களா?" என்று அடிபட்டவர் யாரையோ கேட்டது வாசல் வரை கேட்டது.

வீட்டில் அன்று விளக்கு நன்றாக எரிந்தது. எண்ணெய் எப்படிக் கிடைத்தது என்று மனைவி கேட்டாள். வரிசையில் நின்றதைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கோர்ட்டுக்குப் போகும் வழியில் சாவடிக்குப் போனேன். ஏதோ தவறுதலாக நடந்துவிட்டது, எனக்குப் புகார் இல்லை என்றேன். கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டே என் காகிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டார்.

"நீங்க வேறங்க. சேதி கேட்டுக் காலையிலேயே அவன் மச்சான் வந்து கூட்டிக்கிட்டுப் போயாச்சு. இனிமே சைக்கிளைத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்னு இங்கயே நின்னு திட்டிட்டுத்தான் போனான். வண்டியை அவனே ஓட்டிக்கிட்டான். இவனைப் பின்னால நடக்கவுட்டுக் கூட்டிக்கிட்டுப் போனான்."

ராசிபுரம் பதினைந்து மைலுக்கு மேல்.

உடனே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பின்னால் போயிருந்தால் வழியிலேயே பிடித்திருக்கலாம். கேஸ் கட்டு கையில் இருந்தது, பத்து மணிக்கு வக்கீல் தேடுவார். நான் கோர்ட்டுக்குப் போனேன்.

அவருடைய பெயரும் தெருவும் எனக்குத் தெரியும். கான்ஸ்டபிள் கேட்டுச் சொல்ல, புகாரின் தலைப்பில் என் கையாலேயே எழுதியவைதாம். முதல் ஞாயிறு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு மழை பெய்வது போல இருந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மல்லூர் வழியாகச் சைக்கிளில் போனேன். ராசிபுரம் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது.

நெசவாளர் தெரு. வீதி நீளத்துக்கு ஒருவர் தறிக்கான நெடுக்கு நூலைப் பாவாகக் கட்டி ஈரக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டேன்.

"அந்தப் பேருல இந்தத் தெருவுல மூணு பேருங்க" என்றவர், யோசித்துவிட்டு, "யாரு, சைக்கிள்காரனா? சேலத்துல சைக்கிள் திருடி மாட்டுனானே, அவன் ஊடுங்களா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அங்கேயும் அதைத் திருத்தவில்லை.

வாசலில் அவருடைய மனைவி முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து, "ஏனுங்க, ஆருங்க?" என்றாள். அவருடைய பெயரைச் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் இருட்டில் தறிக்குழி தெரிந்தது. தறியில் நூல் இல்லை. பர்மிட்டைக் காட்டி அந்த மாதத்து நூலை டிப்போவில் வாங்க அந்தச் செவ்வாய்க்கிழமைதான் கடைசி நாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"இவருதான்" என்றார் மனைவியிடம்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அதில் பாதிகூட வாயில் வரவில்லை. நான்தான் பூட்டினேன், தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்று நின்றுகொண்டே சொன்னேன்.  அவள்தான் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எங்ககிட்டச் சொல்லி என்னங்க ஆவுது? இவரு திருடலைன்னு எனக்குத் தெரியாதுங்களா? எங்கண்ணன் ஊட்டுப் படி ஏறி மூணு வாரமாச்சு. பாவு குடுக்கற மொதலாளி, 'இருக்கட்டும், அப்பறம் பாக்கலாம்'ங்கறாரு. நீங்க அன்னிக்கு எழுதித்தான குடுத்தீங்க? இன்னிக்கும் எழுதிக் குடுங்க."

 மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு. பொய்யாகப் புகார் கொடுத்தேன் என்று என் கையாலேயே எழுதிய காகிதம் ஒன்று வெளியே இருந்தால், அது எங்கே போய்ச் சேரும், வக்கீல் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று அந்த வாசலில் நின்றபடியே கணக்குப் போட்டேன். "காகிதம் இல்லையே" என்றேன். அவர் உள்ளே போய்ப் பழைய நோட்டு ஒன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தார். பேனா என் சட்டைப் பையிலேயே இருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது.

முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து எழுதினேன். செவ்வாய்ப்பேட்டையில் தவறான புரிதலால் ஏற்பட்ட நிகழ்ச்சியில் இன்னாருக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை என்று முடித்துக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"சேத்துப் பூட்டுனது ஆருன்னு இதுல இல்லீங்களே" என்றார்.

இன்னொரு தாள் வந்தது. பூட்டியது நான்தான் என்று எழுதினேன். மறுபடி எழுத்துக் கூட்டினார். விரல் வரி வரியாக நகர்ந்தது.

"என்னைய அடிச்சது இல்லீங்களே."

மூன்றாவது தாளில் அதையும் எழுதினேன். கூட்டத்தின் நடுவே கன்னத்தில் அறைந்தேன் என்று.  எழுத்து என் எழுத்து மாதிரியே இல்லை. அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் நான் எழுதும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்:

"ஏனுங்க, அடிக்கறப்ப உங்களுக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சே அடிச்சீங்களா?"

அவர் சட்டென்று தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது என்று தோன்றியது.

"தெரியாமத்தாங்க" என்றேன்.

அவள் சரி என்பதாகத் தலையாட்டினாள். அவர் தாளை மடித்துக்கொண்டார். "வாங்க" என்று முன்னால் நடந்தார்.

நெசவுக்குப் பாவு கொடுக்கும் முதலாளியின் வீட்டு வாசலில் ஆறேழு பேர் இருந்தார்கள். அவருடைய மச்சானையும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். முதலாளி காகிதத்தை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். என் வாக்கியங்களை வேறொருவர் குரலில் கேட்டபடி நின்றேன். அறைந்தேன் என்ற இடம் வந்தபோது தெருவில் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. படித்து முடித்துவிட்டு முதலாளி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை தூரம் சைக்கிள் மிதிச்சு வந்து, எழுதியும் குடுத்திருக்கீங்களே! உங்களுக்குப் பெரிய மனசுங்க. இந்தக் காலத்துல ஆருங்க இப்படிச் செய்வாங்க?" என்றார். மற்றவர்களும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். மச்சான் ஓடிப்போய் எனக்கு மோர் கொண்டுவந்தார். என்னை உட்காரச் சொன்னார்கள். வக்கீல் வீட்டுக் குமாஸ்தா என்று தெரிந்ததும் ஒருவர் நூல் பர்மிட்டுக்கு மனு எப்படி எழுதுவது என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அடிபட்டவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பாக நினைத்துவிட்டோம் அப்பா என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வந்த நான் பெரிய மனிதனாகிவிட்டேன். மோரைக் குடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது அவர் போயிருந்தார்.

முதலாளி அந்த வாரமே அவருக்குப் பாவு கொடுத்தார் என்று பின்னர் வேறொருவர் மூலம் கேள்விப்பட்டேன். மச்சான் வீட்டுக்கும் போக்குவரத்து ஏற்பட்டதாம். இந்தச் செய்தி எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, கொஞ்சம். ஆனால் அந்த மூன்றாவது தாளிலும் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அவள் கேட்டும் நான் எழுதாத வரி.

இரண்டு வருஷம் கழித்து, சண்டை முடிந்த பிறகு, கோர்ட்டு வளாகத்தில் அவரைப் பார்த்தேன். வீட்டுச் சுவர் சம்பந்தமாகப் பக்கத்து வீட்டுக்காரருடன் ஏதோ தகராறு போல. கையில் ஒரு துணிப்பை, நல்ல சட்டை. மனு எழுத ஆள் தேடி, வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் மேசைக்கு முன்னால் யாரும் இல்லை. என்னிடம் வந்தால் நல்லபடியாக எழுதிக் கொடுக்கலாம், அன்று சொல்லாததையும் சொல்லிவிடலாம் என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். நின்றார். பிறகு எனக்கு மூன்று மேசை தள்ளி, பத்துப் பேர் காத்துக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தாவிடம் போய்ப் பதினோராவது ஆளாக உட்கார்ந்தார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவர் என்னிடம் வராமல் போனதில் எனக்கு உண்டான அந்த நிம்மதியைத்தான், அவரை அறைந்ததைவிடவும், இன்று நினைக்கக் கூசுகிறது.